அம்மை வந்த வீட்டில் மாத்திரை

1983 மார்ச் 3, வியாழன்

விடியும்போதே புழுக்கம். தெருவெல்லாம் வற்றல் மிளகாய் நெடி. மகள் செல்விக்கு உடம்பு சூடு. கழுத்தில் கொப்புளம். அம்மைதான்.

தகவல் தெரிந்து மதினி, இவருடைய அக்கா, தோப்பும்படியிலிருந்து வந்துவிட்டார். கையோடு வேப்பிலை. "அம்மா இறங்கியிருக்கா. மருந்து மாத்திரை ஒண்ணும் குடுக்கக்கூடாது. கஞ்சியில உப்பும் வேண்டாம்."

மற்றப் பிள்ளைகளுக்குச் சரி. இவளுக்கு உடம்பில் ஊறவேண்டிய ஒன்று பிறவியிலேயே ஊறுவதில்லை. உப்பும் நிற்பதில்லை. அதற்குத்தான் தினமும் ஸ்டீராய்டு. நிறுத்தினால் பிள்ளை நமக்கில்லை. டாக்டர் எத்தனை தடவை சொன்னார்: "பனி வந்நால் இரட்டி கொடுக்கணம். முடக்கருது." காய்ச்சலுக்கு மலையாளத்தில் பனி; காய்ச்சல் வந்தால் இரட்டிப்பாக, விடாமல் கொடுக்கவேண்டும்.

இவரைப் பார்த்தேன். இவர் சுவரைப் பார்த்தார். கோபம் கோபமாக வந்தது.

மாலை: இரட்டிப்பு மாத்திரை, பொடித்து, தேனில். மதினி முன்னாலேயே கொடுத்தேன். ஒளித்துக் கொடுக்க நான் என்ன திருடியா? மதினி சாயாகூடத் தொடவில்லை.

மார்ச் 5, சனி

காலையில் வாந்தி. மாத்திரையும் வெளியே. மறுபடி கொடுத்தேன், அதுவும் வாந்தி. கண் சொருகிவிட்டது. வாந்தி நிற்காவிட்டால் ஊசி போடவேண்டும் என்பது டாக்டர் கட்டளை. இவர் யாரையும் கேட்கவில்லை, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டார்.

ஆட்டோக்காரர் கொப்புளங்களைப் பார்த்துத் தயங்கினார். அதட்டியது மதினி. "குஞ்ஞினு தீரே வய்யா சேட்டா. வண்டி எடுக்கு." பிள்ளைக்கு ரொம்ப முடியவில்லை, வண்டியை எடு என்று அதட்டிவிட்டுத் தானும் ஏறி உட்கார்ந்தார்.

எறணாகுளம். ஊசி. உப்புநீர் ஏற்றினார்கள். மதியம் செல்வி கண் திறந்து கஞ்சி கேட்டாள். ஆஸ்பத்திரி என்றும் பாராமல் அழுதேன்.

மார்ச் 7, திங்கள்

இன்னும் ஆஸ்பத்திரியில்தான். காய்ச்சல் இல்லை. கொப்புளங்கள் காய்கின்றன. நல்ல காற்று. சோப்பு வாங்க வேண்டும்.

எங்களைப்போல் சொந்தத்தில் கட்டினால் பிள்ளைக்கு இது வரக்கூடும் என்று சொல்லி டாக்டர் கேட்டார், குடும்பத்தில் வேறு குழந்தை இப்படி வாந்தி எடுத்து இறந்துபோனதுண்டா என்று. இல்லை என்றேன். அவர் போனபின் மதினி மெதுவாக, "உண்டு. என் மூத்தவன். பேரு வைக்கிறதுக்கு முன்னாலயே. குடிச்ச பாலெல்லாம் வாந்தி. செரியாம போச்சுன்னு சொன்னாங்க."

எனக்குத் தெரியாது. இந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை.

"அவனுக்கும் இந்த மாத்திரைதான் வேண்டியிருந்துச்சா?"

"இருக்கலாம் மதினி."

மதினி செல்வியின் காலைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "எம் மக மாசமா இருக்கா. அவளையும் சொந்தத்துலதான் குடுத்திருக்கோம். பெத்த உடனே பிள்ளைய இங்க தூக்கிட்டு வந்துருவோமா?"

வருவோம் மதினி என்றேன். டாக்டரைத் தேடி இரண்டு பேரும் எழுந்தோம்.