உடைந்த ஊசி

கில்லெட், வயோமிங்
8 மார்ச் 1998

அன்புள்ள ஆர்லீன்,

நலம் என்றுதான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும், ஆரம்பித்துவிட்டேன். உன் அக்காவின் இடுப்பு எப்படி இருக்கிறது? ஆபரேஷன் முடிந்து பத்து மாதம் ஆகிறது, ஒரு குதிரைக்குக்கூட இதற்குள் சரியாகியிருக்கும்.

இங்கே இன்னும் பனி. சுரங்கத்தில் என் லாரியை இப்போது ஒரு சின்னப் பெண் ஓட்டுகிறாள், நன்றாகவே ஓட்டுகிறாளாம். துப்பாக்கி சுடும் மைதானத்துக்கு முந்தின வருஷத்து இலையுதிர் காலத்திலிருந்தே போகவில்லை. உறுப்பினர் அட்டையைப் புதுப்பிக்கவும் இல்லை. ஹாலிஸ் மட்டும் வாரம் ஒருமுறை வந்து திட்டிவிட்டுப் போகிறான். போன வாரம் சொன்னது: "ஏன்டா, தாடி வளர்க்கிறியா, இல்ல முகம் கழுவுறத நிறுத்திட்டியா?"

ஒரு சின்ன விஷயம். ஞாயிற்றுக்கிழமை என் கைத்துப்பாக்கியைத் துடைக்க உட்கார்ந்தேன். உள்ளே இருக்கும் ஊசி, அதுதான் தோட்டாவின் முதுகில் குத்துமே, அது நல்ல ஊசி இல்லை. எண்பத்தேழில் நுனி உடைந்து போய், கராஜில் காபி டப்பாவுக்குள் போட்டு வைத்திருந்தேனே, அந்தப் பழையது. நீ வீட்டை ஒழுங்கு செய்தபோது நல்லதை எங்காவது மாற்றி வைத்துவிட்டாயா? கடையில் வேறு கிடைக்கும்தான். ஆனாலும் கல்யாண வருஷத்தில் வாங்கிய துப்பாக்கி, இத்தனை வருஷம் அதில் இருந்த ஊசியே இருக்கட்டும் என்று பார்க்கிறேன். கிடைத்தால் ஒரு உறையில் போட்டு அனுப்பு.

உன்
வெர்னன்

*

அலையன்ஸ், நெப்ராஸ்கா
16 மார்ச் 1998

அன்புள்ள வெர்னன்,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். ஜாய்ஸ் அக்கா காபியை வைத்துவிட்டுப் போனாள், ஆறிப் போனது.

நான்தான் மாற்றினேன். தெரியாமல் இல்லை, தெரிந்தேதான். கிளம்புவதற்கு முந்தின நாள், நீ முடி வெட்டப் போயிருந்தபோது. முப்பத்தொரு வருஷம் ஞாயிற்றுக்கிழமை தோறும் சாப்பாட்டு மேஜையில் செய்தித்தாளை விரித்து, கறி வறுவலோடு எண்ணெய் வாடையையும் சேர்த்து எனக்குச் சாப்பிடக் கொடுத்தவன் நீ. பார்த்துப் பார்த்தே எனக்கும் கை பழகிவிட்டது. பிரிக்க ஓர் ஆணி போதும், ஐந்து நிமிஷம்.

வேலையிலிருந்து நின்ற பிறகு நீ அதை ஞாயிற்றுக்கிழமை மட்டும் துடைக்கவில்லை. தினமும் துடைத்தாய். சுடாத துப்பாக்கியைத் தினமும் துடைக்கிறவனிடம் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. எடுத்துக்கொண்டு போயிருந்தால் அன்றைக்கே வேறு வாங்கியிருப்பாய், நம்மூரில் அது ரொட்டி வாங்குவதைவிடச் சுலபம். அதனால் இருக்கிற இடத்திலேயே விட்டுவிட்டு, உள்ளே உடைந்ததைப் போட்டேன். பிறகு பஸ் ஏறினேன். அதை மாற்றத் தெரிந்தவளுக்கு வீட்டில் இருக்கத் தெரியவில்லை. இதை நினைக்காத நாள் இல்லை.

இப்போது நான் கேட்கிறேன், நீ சொல். வாரத் துடைப்பில் நீ அந்த ஊசியைத் தொடுவதே இல்லை. குழாயைத் துடைப்பாய், மேல்பாகத்தைத் துடைப்பாய், தோட்டா மேகசினை உதறுவாய், அவ்வளவுதான். ஊசி வரை பிரிப்பது வருஷத்தில் ஒரு தடவை, நவம்பரில், மான் வேட்டை முடிந்த பிறகு. போன நவம்பரில் பிரித்திருந்தால் அப்போதே எழுதியிருப்பாய். மைதானத்துக்கும் போகவில்லை என்று நீயே எழுதியிருக்கிறாய். மார்ச் மாதத்தில், வெர்னன், உள்ளே இருப்பது உடைந்த ஊசி என்று உனக்கு எப்படித் தெரிந்தது?

ஆர்லீன்

பின்குறிப்பு: ஊசி விற்கிற அந்தத் துப்பாக்கிக் கடை தபால் ஆபீசுக்குப் போகிற வழியில்தான் இருக்கிறது. அதைத் தாண்டிப் போய்த்தான் எனக்குத் தபால் போட்டிருக்கிறாய்.

*

அலையன்ஸ்
30 மார்ச் 1998

வெர்னன்,

இரண்டு வாரமாகப் பதில் இல்லை. போனை எடுப்பதும் இல்லை. ஹாலிஸைக் கூப்பிட்டேன். "உசுரோட இருக்கான், ஆர்லீன், நேத்து முட்டை பொரிச்சுக் குடுத்தேன், பாதிய நாய்க்குப் போட்டான்" என்றான். தினமும் போகச் சொல்லியிருக்கிறேன். ஏன் என்பதையும் சொல்லிவிட்டேன். கோபம் வந்தால் என் மேல் வரட்டும்.

ஒரு வரி எழுது. பொய்யாக வேண்டாம்.

ஆர்லீன்

*

கில்லெட்
3 ஏப்ரல் 1998

ஆர்லீன்,

பிப்ரவரி, செவ்வாய்க்கிழமை, மத்தியானம். வாசல் பனியை வாரிப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். அன்றைக்குக் குறிப்பாக எதுவும் நடக்கவில்லை. களைப்பாக இருந்தது, அவ்வளவுதான். பல மாதமாக இருந்த களைப்பு. துப்பாக்கியில் 'டிக்' என்ற சத்தம் மட்டும் வந்தது, வேறு எதுவும் நடக்கவில்லை. நாய் எழுந்து வந்து கதவைப் பார்த்தது. அதைக் கூட்டிக்கொண்டு வெளியே போனேன்.

திரும்பி வந்து பிரித்துப் பார்த்தேன். எண்பத்தேழாம் வருஷத்து ஊசி. யார் போட்டிருப்பார்கள் என்று யோசிக்கவே தேவைப்படவில்லை. நீ பத்து மாதமாக வீட்டில் இல்லை, ஆனால் எனக்கு முன்னாலேயே அங்கே வந்து உட்கார்ந்திருந்தாய். அழுதேன். உனக்கு எழுத மூன்று வாரம் ஆனது, அதிலும் பொய்.

கடையைப் பற்றிக் கேட்டாய். உண்மைதான், தாண்டித்தான் போனேன். வண்டியை நிறுத்தக்கூட இல்லை.

நேற்று ஹாலிஸிடம் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டேன். துப்பாக்கி, தோல் உறை, இரண்டு மேகசின், துடைக்கும் பெட்டி, வேட்டைத் துப்பாக்கிகளும்கூட. வாங்கித் தன் இரும்புப் பெட்டியில் பூட்டினான். "துரு பிடிக்காம நான் பாத்துக்கறேன். உனக்குத் துரு பிடிக்காம டாக்டர் பாக்கட்டும்" என்றான். புதன்கிழமை அவனே கூட்டிக்கொண்டு போகிறான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கைக்கு என்ன வேலை கொடுப்பது என்றுதான் தெரியவில்லை. ஊசியை அனுப்பாதே.

வெர்னன்

*

அலையன்ஸ்
8 ஏப்ரல் 1998

அன்புள்ள வெர்னன்,

இன்றைக்குப் புதன்கிழமை. நீ இந்நேரம் டாக்டரிடம் உட்கார்ந்திருப்பாய், நான் இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஜாய்ஸின் இடுப்பு ஆகஸ்டிலேயே சரியாகிவிட்டது. என்னைவிட வேகமாக நடக்கிறாள். அவளுக்காகத்தான் இங்கே இருக்கிறேன் என்று நானும் உன்னிடம் பொய்தான் சொன்னேன்.

சனிக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். தங்கிவிடுவேன் என்று சத்தியம் செய்ய மாட்டேன், எனக்கும் களைப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை கறி வறுப்பேன். நீ உருளைக்கிழங்கு சீவு, கைக்கு வேலை ஆகட்டும்.

அந்த நல்ல ஊசி ஜாய்ஸின் தையல் பெட்டியில் இருக்கிறது. அங்கேயே இருக்கட்டும், நான் மட்டும் வருகிறேன்.

உன்
ஆர்லீன்