பதினோரு பெயர்கள்

சின்ன டாக்டருக்கு,

இங்கே நானும் அப்பாவும் சுகம், தம்பிக்கு இருமல் விட்டுவிட்டது. அங்கே நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்பதுதான் என் கவலை. உன் கடிதம் வந்து பத்து நாளாகியும் பதில் எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. போனில் சொல்லலாம்தான், நான் அழுவேன், நீ வைத்துவிடுவாய். வார்டில் இருந்த அந்தப் பெரியவரின் ரத்த ரிப்போர்ட் மாலையே வந்தும் மறுநாள் காலையில்தான் பார்த்தேன், அதற்குள் போய்விட்டார் என்று எழுதியிருந்தாய். அந்த மாதம் இறந்தவர்களைப் பற்றி டாக்டர்கள் எழுந்து பேசும் வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு வராதே, உன் பெயர் வராமல் பார்த்துக்கொள்கிறேன் என்று உங்கள் தலைமை டாக்டர் சொன்னதாகவும் எழுதியிருந்தாய். நானும் அன்றைக்கே கூப்பிட்டு, "பேசாம லீவு போட்டுடும்மா" என்றேன். உன்னைப் பெறும்போது எனக்கு இருபத்தொன்று, உன்னோடு சேர்ந்து வளர்ந்தவள், என் யோசனையும் சில சமயம் அப்படித்தான் இருக்கும். அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இந்தக் கடிதம்.

செவ்வாய்க்கிழமை நாடாளுமன்றத்தில் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருந்தேன். தொண்டை அடைப்பான் கண்டு பதினோரு குழந்தைகள் இறந்ததற்கு, சுகாதார அமைச்சராக அப்பா பதில் சொல்ல வேண்டிய நாள். செயலாளர் எழுதிக்கொடுத்த பக்கத்தில் நிலைமை கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று மூன்று இடத்தில் இருந்ததாம். அப்பா அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டு ஒரு கோடு போட்ட தாளை எடுத்தார். குழந்தைகள் வார்டில் டாக்டராக இருபது வருஷம் மாதா மாதம் அந்தக் கூட்டத்துக்குக் கொண்டுபோவாரே, அதே மாதிரித் தாள். பெயர், வயது, என்றைக்குத் தூக்கி வந்தார்கள், நாம் செய்யத் தவறியது என்ன. எதிர்வரிசையில் ஒரு கண்ணாடிக்காரர், "டாக்டருக்குக் கைராசி பத்தலையே, கம்பவுண்டரக் கூப்பிடலாமா" என்று கேட்க, இரண்டு பக்கமும் சிரித்தார்கள். அப்பா நிமிராமல் ஒவ்வொரு பெயராகப் படித்தார். நாலாவது பெயரில் சிரிப்பு நின்றது. ஏழாவதில் அந்தக் கண்ணாடிக்காரரே கண்ணாடியைக் கழற்றிவிட்டார். அப்பா ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, "மருந்து வாங்குற ஃபைல் என் மேஜைல ஒன்பது நாள் கிடந்துச்சு. முதல் நாளே கையெழுத்துப் போட்டிருந்தா இனிமே படிக்கப்போற நாலு பேரும் பிழைச்சிருப்பாங்க" என்று வார்டில் பேசுகிற அதே குரலில் சொல்லிவிட்டு, நாலையும் படித்தார். அமைச்சரின் பொறுப்பு என்று கல்லூரியில் இரண்டு மார்க் கேள்விக்கு எழுதியிருக்கிறேன், நேரில் பார்த்தது அன்றைக்குத்தான். பக்கத்திலிருந்த அம்மாள் "யாருங்க இவரு" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் என்றேன்.

கட்சிக்காரர்கள் காய்ந்தார்கள். பிரதமர் கேட்பதற்கு முன்பே, காரில் வரும்போது அப்பா ராஜினாமாவை எழுதிவிட்டார். பங்களாவை மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும், பழைய வீட்டில் குழாய் ஒழுகுகிறது, பிளம்பரிடம் சொல்லியிருக்கிறேன். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டதற்கு, இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டே, "இத்தனை வருஷம் எழுந்து நின்ன காலு, இப்ப உக்காருன்னா கேக்குமா" என்றார்.

உன் விஷயத்தை அவரிடம் நான் சொல்லவில்லை, நீயே சொல்லு. உன் வேலைக்கு ஆபத்து வருமோ என்று ராத்திரியில் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். ஆனாலும் லீவு லெட்டர் கொடுத்திருந்தால் திரும்ப வாங்கிவிடு. நீ நன்றாக இருப்பாய், என் மனது சொல்கிறது. வெள்ளிக்கிழமை வெறும் வயிற்றோடு போகாதே. கூட்டத்தில் பேச எழுந்ததும் முதலில் அந்தப் பெரியவரின் பெயரைச் சொல்லு. அப்புறம் உன் பெயர்.

உன்
அம்மா