பிழைக்குப் பிறகு வந்தவன்

ஜூன் 28
மழை. பேஸ்பால் ஆட்டம் இல்லை. நான் வேலை பார்க்கும் நூலகத்திலும் கூட்டமில்லை.

அணி மேலாளர் லோமாக்ஸ் வந்து சொல்லிவிட்டுப் போனார்: ஜூலை நடுவில், சராசரி நான்கைத் தாண்டிய பந்து வீச்சாளர்களை முதலாளி அணியிலிருந்து நீக்கப் போகிறாராம். மிலோ கோசெக் முப்பத்தாறு இன்னிங்ஸில் பதினைந்து ஓட்டம் கொடுத்திருக்கிறான். ஒன்பதால் பெருக்கி முப்பத்தாறால் வகுத்தால் 3.75. ஒன்பது இன்னிங்ஸ் கொண்ட ஒரு முழு ஆட்டத்துக்கு அவன் கொடுப்பது அவ்வளவு. தடுப்பவர்களின் பிழையால் வந்த ஓட்டங்கள் இதில் சேராது. எது பிழை என்று தீர்மானித்து எழுதுவது என் வேலை.

ஜூன் 30
ஸ்கோர் அறையின் ஏணிக்குக் கீழே நின்று மிலோ கேட்டான்: “ஆர்டித், என்ன புஸ்தகம்?”
“ருஷ்ய நாவல்.”
“யாராவது சாவாங்களா?”
“எல்லாரும்.”
“அப்ப எங்க டீம் கதைதான்.”
அவன் போன பிறகும் நாவலின் அதே பக்கத்திலேயே இருந்தேன்.

ஜூலை 11
ஏழாவது இன்னிங்ஸ், இரண்டு பேர் அவுட். நேராகக் கைக்கு வந்த பந்தை, ஷார்ட்ஸ்டாப் இடத்தில் நிற்கும் நம் தடுப்பாளன் நழுவவிட்டான். சந்தேகமே இல்லாத பிழை. பிடித்திருந்தால் மூன்றாவது அவுட், இன்னிங்ஸ் முடிந்திருக்கும். லோமாக்ஸ் வீச்சாளரை மாற்றி, இரண்டு வாரமாக வீசாமல் இருந்த மிலோவை இறக்கினார். அவன் நான்கு பந்தைத் தப்பாக வீசி, ஒருவனைச் சும்மா முதல் தளத்துக்கு நடக்கவிட்டான். அடுத்தவன் பந்தை வேலிக்கு வெளியே அடித்தான், ஹோம் ரன். மூன்று ஓட்டம்: பிழையால் தளத்துக்குப் போனவன், நடந்தவன், அடித்தவன். அதற்கடுத்தவனை அவுட்டாக்கினான்.

அணியின் கணக்கில் மூன்றும் பிழையால் வந்தவை. ஆனால் மிலோ பிழைக்குப் பிறகு வந்தவன். தனக்கு முன் நடந்த பிழை அவனுக்குக் கைகொடுக்காது, விதி அப்படி. அவனே விட்ட இருவரின் ஓட்டங்களும் அவன் தலையில்தான்.

பதினேழு ஓட்டம், முப்பத்தாறே மூன்றில் ஒரு பங்கு இன்னிங்ஸ். 4.21. திரும்பப் போட்டுப் பார்த்தேன். குறையவில்லை.

ஜூலை 12
லோமாக்ஸ்: “இங்க பாரும்மா, மூணையும் பிழைன்னு எழுதிடு. பாதிப் பேருக்கு இந்த விதியே தெரியாது. எனக்கே நேத்துதான் தெரியும்.”
“எனக்குத் தெரியுமே.”
“அந்தப் பையன் நல்லவன்மா.”
தெரியும். அதை நீங்கள் சொல்ல வேண்டுமா?

பிறகு மிலோ வந்தான். “இன்னிங்ஸ்தான் முடிஞ்சிருக்கணுமே? எனக்கு எப்படி ரெண்டு?”
விளக்கினேன். தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.
“மாத்த மாட்ட, இல்ல?”
“மாட்டேன்.”
“சரி.”
கோபித்துக்கொண்டிருக்கலாம். ஏன் கோபித்துக்கொள்ளவில்லை? சே.

ஜூலை 13
கணக்கை மாற்றாமல் அனுப்பிவிட்டேன்.

ஜூலை 16
மிலோ போய்விட்டான். கேன்சஸில் ஏதோ ஓர் அணி எடுத்துக்கொண்டதாம். வழியனுப்ப நான் போகவில்லை. என்ன முகத்தை வைத்துக்கொண்டு போவது?

ஆகஸ்ட் 9
நூலகத்துக்குத் தொலைபேசி. மிலோ.

“இங்க ஸ்கோர் போடறவரு ரொம்ப நல்ல மனுஷன். என்னை யார் அடிச்சாலும் பிழைங்கறாரு. என் சராசரி ரெண்டு சொச்சமாம், பேப்பர்ல போட்டிருக்கான். எங்கம்மாவே நம்பல. நேத்து ஆட்டத்தைச் சொல்றேன், நீ கணக்குப் போடு.”

புத்தகம் பதிய இரண்டு பேர் காத்திருந்தார்கள். ‘கொஞ்சம் பொறுங்கள்’ என்று கைகாட்டிவிட்டுப் பென்சிலை எடுத்தேன். ஒவ்வொரு பந்தாகக் கேட்டேன். அங்கே ஸ்கோர் போட்டவர் எழுதியதைவிட அவன் தலையில் இரண்டு ஓட்டம் கூடவே வந்தது.

“அப்படித்தான் நெனச்சேன்,” என்றான். குரலில் சிரிப்பு. “வெள்ளிக்கிழமை திரும்ப வீசறேன். சனிக்கிழமை இருப்பியா?”

சனிக்கிழமை நூலகம் விடுமுறை. வீட்டு எண்ணைக் கொடுத்தேன்.