கண்ணை மூடினால் தள்ளாடுகிறாள்

வெள்ளி இரவு

கோயிலில் கண்ணை மூடிக் கும்பிட்டதும் என் மகள் மீனா தள்ளாடினாள். "பிள்ளைக்குச் சாமி வந்துருச்சு!" என்று மாமியார் திருநீறு பூசினார். கண்ணைத் திறக்கச் சொன்னேன், தள்ளாட்டம் நின்றுவிட்டது. கண்ணைத் திறந்தால் ஓடிப்போகிற சாமி என்ன சாமி?

வீட்டுக்கு வந்து மறுபடி மூடச் சொன்னேன். மறுபடி சாய்ந்தாள். சக்கர நாற்காலியிலிருந்து பார்த்த என் கணவரின் அண்ணன், "எனக்கும் ஸ்கூல் படிக்கிறப்போ இப்படித்தான் ஆரம்பிச்சுச்சு" என்றார்.

"வாயை மூடுடா! வெளிய தெரிஞ்சா இவள யாரு கட்டிக்குவா?" என்று மாமியார் கத்தினார்.

பதினோரு வயதுப் பிள்ளைக்குக் கல்யாணக் கவலையாம்!

நாளைக் காலை டாக்டரிடம் போகிறேன். குடும்பத்தில் வேறு யாருக்காவது இது உண்டா என்று கேட்பார். "நானும் வரேன் லா" என்று அண்ணன் சொல்லிவிட்டார். விருந்தாளி வந்தால் மாமியார் உள்ளறைக்குள் தள்ளிவிடும் அந்த நாற்காலியை, எம்ஆர்டி ரயிலில் எல்லாரும் பார்க்க நானே தள்ளிக்கொண்டு போவேன்.