வித்துராவில் மழை இல்லையாம்

ஜூலை 9, புதன்

விடாத மழை. மொட்டைமாடி மழைமானியில் 54 மி.மீ. மழைக் குழுவுக்கு மடல் போட்டாயிற்று. ஆரியசாலைத் தெரு முழுக்கச் சேறு, புதுச் செருப்பு காலி.

வேலைகள்: குடை ரிப்பேர். கரண்ட் பில். மடற்குழு நிர்வாகப் பக்கத்தில் குப்பை மடல்களை அழித்துத் தள்ளல்.

தள்ளினேன். அதே லாட்டரிக்காரன்: "à®®à®´à¯ˆ 62". தினமும் ஒன்று, நடுவில் ஓர் எண். தெருவுக்குத் தெரு லாட்டரி விற்கும் இந்த ஊரில் எண் என்றால் வேறென்ன?

மதியம் சசி சார் போன். மழை அளக்கும் எங்கள் குழுவுக்குத் தலைவர். "வித்துராவிலேந்து ஒரு அனக்கமும் இல்லா. ஒண்ணரை மாசமாச்சு, ஒரு கணக்கும் வரலே. சனிக்கிழமை போய் மழைமானியை திருப்பி எடுக்கணும், கேட்டோ. வேறெ ஆளுக்குக் கொடுக்கலாம்."

வித்துரா என்றால் முருகேஸ்வரி. ஓட்டலில் சமையல், ஊர் தென்காசிப் பக்கம். மழைமானியை அவ்வளவு ஆசையாகக் கேட்டு வாங்கினாளே. எரிச்சல்.

ஜூலை 10, வியாழன்

குளிக்கும்போது பொறி தட்டியது. லாட்டரிக்காரன் ஏன் தினமும் காலை 8:40க்கு? நாங்கள் அளப்பது 8:30க்கு!

ஈரத்தலையோடு கணினி. இன்றைய குப்பையைத் திறந்து, உலாவியில் எழுத்துக்குறியீட்டை யுனிகோடுக்கு மாற்றினேன். "மழை 48 மி.மீ. முருகேஸ்வரி, வித்துரா."

அம்மாடி! புது ஆள் மடல் நிர்வாகப் பக்கத்தில் என் அனுமதிக்குக் காத்திருக்கும். எல்லாவற்றையும் அழித்தவள் நானேதான். நாற்பதுக்கு மேல். பாவி.

ஜூலை 11, வெள்ளி

ஆபீஸில் சாப்பாட்டு நேரம். குழுவின் மொழி ஆங்கிலம், அதனால் நிர்வாகப் பக்கமும் பழைய ஆங்கிலக் குறியீட்டில். சர்வரில் மாற்றினேன். எல்லாம் கேள்விக்குறி! மடலைத் திறந்து பார்த்தேன். மூல மடல் பத்திரம், காட்டுவதில்தான் கோளாறு. ஒரு வரி விட்டிருந்தேன். திருத்தி மறுபடி ஓட்டினால், தமிழ். முழுத் தமிழ்! கத்தியேவிட்டேன்.

பக்கத்து சீட் லேகா: "எந்தா, லோட்டரி அடிச்சோ?"

ஆமாம் என்றேன்.

இன்றைய மடல்: "மழை 39 மி.மீ. நாளைக்கு மழைமானிய எடுக்க சார் வாராங்களாம். தினமும் அனுப்புனேனே. அளந்தது தப்புன்னா சொல்லுங்க, திருத்திக்கிடுதேன்."

டிபன் டப்பாவை மூடினேன். உடனே முருகேஸ்வரிக்குப் போன். எல்லாம் சொன்னேன், மன்னிப்பும் கேட்டேன்.

"அழிஞ்சா என்னக்கா, காலண்டர்ல பூராவும் எழுதி வச்சிருக்கேன்."

துள்ளாத குறை. "பதிலே வராம எப்படிம்மா தினமும் அனுப்பின?"

"மழை பெஞ்சுக்கிட்டுதானக்கா இருந்துச்சு."

சசி சாரிடம் சொன்னேன். "ஐயோ" மட்டும்தான் சொன்னார். நாளை வித்துரா பயணம் ரத்து.

ஜூலை 12, சனி

காலை 8:41. இனி அவளுக்கு என் அனுமதி வேண்டாம், நேரே வந்தது. வித்துரா 71 மி.மீ. குழுவிலேயே அதிகம்.