சாவிக்காரரிடம் ஒரு சாவி

ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். நீ கடிதம் போட்டு ஒரு மாதம் ஆகிறது, மறந்துவிட்டாயா?

ஒரு கூத்தைக் கேள். போன மாதம் தையல் யூனிட்டிலிருந்து வந்து பையைத் துழாவினால் வீட்டுச் சாவியைக் காணோம். உள்ளே அப்பா, சுவரைப் பிடித்துக் குளியலறைக்குப் போவதே பெரும்பாடு, அவரால் வாசல்வரை வந்து திறக்க முடியாது. வேறு வழியில்லாமல் எதிர்க்கடைச் சாவிக்காரரைக் கூப்பிட்டேன். ஆமாம், அவரேதான்! அவர் கடையைத் தாண்டும்போது அம்மா நம் சாவியைக் கைக்குள் பொத்தச் சொல்வாளே: "பாத்தாலே அச்செடுத்துடுவான்டி, யாரோட பெட்டியையோ தெறந்துட்டு ஜெயிலுக்குப் போனவன்."

இரண்டே நிமிடத்தில் திறந்துவிட்டார். இப்போது ஞாயிறுதோறும் அப்பாவோடு செஸ் ஆட வருகிறார். அப்பா அழுகுணி ஆட்டம் ஆடுகிறார், ஜெயிலுக்குப் போனவர் நியாயமாக ஆடுகிறார்! அவசரத்துக்கு இருக்கட்டும் என்று ஒரு சாவி வெட்டி அவரையே வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

உன் தங்கை

ஜூன் 15

அடியே,

உனக்குப் புத்தி பிசகிவிட்டதா? அம்மா போய் இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அவள் யாரைக் கண்டு பயந்தாளோ, அவன் கையில் நம் வீட்டுச் சாவியா? எனக்கு இங்கே சோறு இறங்கவில்லை. திருப்பிக் கேட்டால் மனதில் வைத்துக்கொள்வான். பேசாமல் பூட்டை மாற்றிவிடு. அப்பாவிடம் மூச்சு விடாதே, உளறிக் கொட்டிவிடுவார்.

அக்கா

ஜூலை 2

அக்கா,

அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிறார். இடுப்பெலும்பு முறிவு. உயிருக்கு ஒன்றுமில்லை.

உன் கடிதம் வந்த மறுநாளே பூட்டை மாற்றினேன். சாவிக்காரருக்குத் தெரியக்கூடாதென்று அச்சு அசல் அதே மாதிரிப் பூட்டைத் தேடிப்பிடித்துப் போட்டேன். என் சாமர்த்தியத்தைப் பார்!

செவ்வாய்க்கிழமை நான் வேலையில் இருந்தபோது அப்பா குளியலறையில் விழுந்து கத்தியிருக்கிறார். சாவிக்காரர் ஓடி வந்தார். சாவி திரும்பவில்லை. தான் வெட்டியதில்தான் பிழை என்று கடைக்கு ஓடி, அரத்தால் ராவி, போட்டுப் பார்த்து, மறுபடி ஓடி... அரை மணி நேரம், அக்கா. கடைசியில் கம்பியை விட்டு நெம்பும்போது தெரு கூடிவிட்டது. அடித்தார்கள். "போலீசக் கூப்புடுங்க, நான் எங்கயும் போகல. மொதல்ல கதவத் தெறக்க விடுங்க, பெரியவரு உள்ள விழுந்து கெடக்காரு" என்று கெஞ்சியிருக்கிறார்.

யாரோ சொல்லி நான் ஓடி வந்து புதுச் சாவியால் கதவைத் திறந்தபோது அவர் உதடு கிழிந்து படியில் உட்கார்ந்திருந்தார். "என் கைதான் தப்பிடுச்சோன்னு நெனச்சேம்மா. பூட்ட மாத்திட்டேன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே" என்றார்.

மறுநாளிலிருந்து கடை சாத்தியிருக்கிறது.

தங்கை

ஆகஸ்ட் 20

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். ஞாயிறானால் காய்களை அடுக்கிக்கொண்டு, "எங்க என் ஆளு? தோத்துருவோம்னு பயந்துட்டானா?" என்கிறார்.

உன்மேல் பழி போட மாட்டேன். நீ எழுதத்தான் செய்தாய், மாற்றியது நான். சொன்னால் நம்புவாயா? அவருக்குச் சாவி கொடுத்த நாளிலிருந்தே உள்தாழ்ப்பாளையும் போட்டுவிட்டுத்தான் படுத்தேன்.

சாவிக்காரர் போய்த் தங்கியிருக்கும் மகள் வீட்டு முகவரியை டீக்கடைக்காரரிடம் வாங்கி, மன்னிப்புக் கேட்டு எழுதி, புதுப் பூட்டின் சாவி ஒன்றையும் உள்ளே வைத்து அனுப்பியிருந்தேன். இன்று உறை வந்தது. கடிதம் இல்லை. நான் அனுப்பிய சாவி மட்டும் இருந்தது. அதன் பற்களை ஒன்றுவிடாமல் ராவி மழமழவென்று ஆக்கியிருந்தார்.

அப்பா அதை வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு, "இது எந்தக் கதவுக்குடி?" என்று கேட்டார்.



தங்கை