கண்ணாடிக்குள் பத்துச் சவரக்கத்திகள்

ஜூன் 3, செவ்வாய்

அப்பா இன்றும் மஞ்சள் பிளாஸ்டிக் ரேசரால்தான் சவரம் செய்தார். பாக்கெட் பாக்கெட்டாகக் கடையில் தொங்குமே, அது. முகத்தைத் துடைத்துக்கொண்டே கூடத்துக்கு வந்து, கண்ணாடி அலமாரியின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். உள்ளே நீல வெல்வெட்டின் மேல் பத்து மடக்குச் சவரக்கத்திகள், பாதி வாயைத் திறந்தபடி. எல்லாம் என் தாத்தா காலத்துக்கும் முந்தியவை. ஒவ்வொன்றின் கீழும் அப்பா அழகாக எழுதிய ஒரு சீட்டு. நடுவில் தந்த நிறக் கைப்பிடியோடு இருப்பது தாத்தா பயன்படுத்தியது. மற்ற ஒன்பதும் அப்பா தேடி அலைந்து வாங்கியவை.

சோறு வடித்து வைத்துவிட்டுப் பட்டினி கிடப்பவனைப் பற்றிப் பழமொழி உண்டா? இல்லையென்றால் இன்றிலிருந்து உண்டு.

போன வருடம் அலமாரியின் இடுக்கு முழுவதையும் மீன்தொட்டிக்குப் பூசும் பசையால் அடைத்தார். காற்றுகூடப் போகாது என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமை. மீன் போகாது என்பது மட்டும் நிச்சயம்.

ஜூன் 7, சனி

சித்தப்பா வந்தார். காதிலிருந்து தாடை வரை மூன்று பிளாஸ்திரி. புதிதாக ஒரு மடக்குக் கத்தி வாங்கி, செல்போனில் பார்த்துப் பார்த்து சவரம் பழகுகிறாராம். “கத்தின்னா வெட்டணும், இல்லன்னா தகரம்” என்பது அவர் கட்சி. வெட்டியிருக்கிறது, அதில் சந்தேகமில்லை. ஒருவர் கத்தியைப் பார்த்தே வாழ்கிறார், இன்னொருவர் ரத்தம் சிந்தியே வாழ்கிறார். எந்தக் கட்சியிலும் சேர எனக்கு விருப்பமில்லை.

பிறகு விஷயத்துக்கு வந்தார். ஜூலை நாலாம் தேதி அவருக்குப் பதிவுத் திருமணம். அன்று காலை தாத்தாவின் கத்தியால் அப்பா அவருக்குச் சவரம் செய்துவிட வேண்டும். அப்பாவின் கல்யாணத்தன்று தாத்தா அதே கத்தியால் செய்துவிட்டபோது, வெந்நீர்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற பொடியன் சித்தப்பாதானாம். அடுத்தது உனக்கு என்று தாத்தா சொன்னாராம். அதற்குள் தாத்தா போய்விட்டார்.

ஒரு தடவை தண்ணீர் பட்டால் போயிற்று, நூறு வருடப் பொருள், என்று அப்பா ஆரம்பித்தார். சித்தப்பா கெஞ்சினார். அவருக்குக் கெஞ்சத் தெரியும் என்பதே எனக்குப் புதுச் செய்தி. கடைசியில் அப்பா சொன்னார்: “கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை?”

சித்தப்பா டீயைக் குடிக்காமலே எழுந்தார். “சரிண்ணா. கழுதை கல்யாணத்துல உனக்கென்ன வேலை? வராத.”

தையல் மிஷினிலிருந்து அம்மா தலையை நிமிர்த்தவே இல்லை. பள்ளிச் சீருடை ஒன்றின் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள் — பதினோராவது கத்தியால். மரக் கைப்பிடியில் விரிசல் இருக்கிறது, காட்சிக்கு லாயக்கில்லை என்று அப்பா குப்பையில் போட்டது அது. அம்மா எடுத்து வைத்துக்கொண்டாள். வேலை முடிந்ததும் துடைத்து, ஒரு சொட்டு மிஷின் எண்ணெய் விட்டு வைப்பாள். வீட்டில் வேலைக்குப் போகும் ஒரே கத்தி.

ஜூன் 10

அப்பா சித்தப்பாவைப் பற்றிப் பேசுவதில்லை. சீட்டுகளை மட்டும் மறுபடி அழகாக எழுதுகிறார். அலமாரியைத்தான் திறக்க முடியாதே, எங்கே வைப்பார்?

சித்தியாகப் போகிறவர் அம்மாவிடம் போனில் பேசினார். சித்தப்பா அன்றிலிருந்து முகத்தையே தொடவில்லையாம், அண்ணன் செய்துவிடாவிட்டால் தாடியோடுதான் வருவேன் என்கிறாராம். “தாடியோட வந்தாலும் பரவாயில்லக்கா, கழுத்தோட வந்தாப் போதும்.” இந்தக் குடும்பத்துக்குள் மூளை வந்துசேருவது கல்யாணத்தின் வழியாக மட்டும்தான் போல.

ஜூன் 14, சனி

பள்ளி நூலகத்தில், பழைய பொருட்களைப் பாதுகாப்பது பற்றி ஒரு தடித்த புத்தகம். இதுவரை அதை எடுத்தது யாருமில்லை. நான் எடுத்தேன். பக்கம் 212: அந்தக் காலத்துத் தந்த நிறக் கைப்பிடிகள் பல தந்தமே அல்ல, செல்லுலாய்டு என்ற பழைய பிளாஸ்டிக். கற்பூரம் கலந்து செய்வது. வயதானால் அது விரிசலடைந்து, கண்ணுக்குத் தெரியாத அமில ஆவியை விடும். பக்கத்தில் இரும்பு இருந்தால் அரித்துவிடும். காற்றோட்டமாக வைக்க வேண்டும். மூடிய பெட்டியில் ஒருபோதும் வைக்கக் கூடாது.

ஒருபோதும்!

ஜூன் 15, ஞாயிறு

டார்ச் அடித்துப் பார்த்தேன். தாத்தாவின் கைப்பிடி முழுக்க, காய்ந்த குளத்துச் சேறு மாதிரி மெல்லிய வெடிப்பு. அதன் இரு பக்கமும் உள்ள கத்திகளில் பழுப்புப் புள்ளிகள். பக்கத்தில் இருப்பவற்றில் நிறைய, ஓரத்தில் குறைவு.

புத்தகத்தோடு போய் அப்பாவிடம் காட்டினேன். அவர் பக்கத்தைப் பார்க்கவில்லை, அட்டையைப் பார்த்தார். “நூறு வருஷம் தாங்கினது, நீ படிச்சதுனால கெட்டுடுமா?” புள்ளி இல்லையாம், வெளிச்சமாம்.

ஜூன் 18

வெளிச்சம் இன்னும் கொஞ்சம் வளர்ந்திருக்கிறது.

ஜூன் 20, வெள்ளி

மறுபடி சொன்னேன். வாயை மூடிக்கிட்டுப் போய்ப் படிங்கிறார். படிச்சதைத்தானே சொல்றேன்! படி படின்னு உயிரை வாங்க வேண்டியது, படிச்சதைச் சொன்னா அதிகப்பிரசங்கி. அந்தக் கத்தியை யாரும் தொடக்கூடாதுன்னு தம்பியையே விட்டுட்டார். உள்ள அது செத்துக்கிட்டிருக்கு. இவர் வெளிய நின்னு சலாம் போடறார்.

ஜூன் 21, சனி

அப்பா அலுவலகம் போனதும், தையல் வேலையை நிறுத்தி அம்மா தன் கத்தியை நீட்டினாள். “பசைதானே? பிரிச்சுடு. கேட்டா நான் சொல்லிக்கறேன்.”

பிரித்தேன். பசை ஆரஞ்சுத் தோல் மாதிரி நீளமாக உரிந்து வந்தது. கதவைத் திறந்ததும் கற்பூர வாசனை, அதற்குப் பின்னால் மூக்கை அரிக்கிற ஒரு புளிப்பு. தாத்தாவின் கத்தியைத் தூக்கினேன். கைப்பிடி மூன்று துண்டாக என் உள்ளங்கையில் உதிர்ந்தது. அலகு முழுக்கக் குழி குழியாகத் துரு. மற்றவற்றில் ஓரத்தில் இருந்த இரண்டு மட்டும் ஏதோ பிழைக்கலாம்.

அப்பா வருவதற்குள் ஒரு பிரசங்கம் தயாராக வைத்திருந்தேன், பக்க எண்ணோடு. அவர் வந்தார், பார்த்தார், தரையில் உட்கார்ந்தார். உடைந்த துண்டுகளைக் கையில் வைத்து முகர்ந்தார்.

“உங்க தாத்தா கிட்ட வந்தா இந்த வாசனைதான் அடிக்கும்” என்றார்.

பக்க எண்ணை நான் சொல்லவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

அம்மாவிடம் அப்பா அந்தப் பதினோராவது கத்தியைக் கேட்டார்.

“எது? குப்பையில கிடந்ததே, அதுவா?”

ஆமாம் என்றார். அம்மாவுக்குச் சரியாகக் காதில் விழவில்லையாம், இரண்டாம் தடவையும் சொல்ல வைத்தாள். பிறகு, நாலாம் தேதி சாயங்காலம் கைக்கு வந்துவிட வேண்டும், சீருடை நிறையக் கிடக்கிறது, என்று கறாராகச் சொல்லிக் கொடுத்தாள். அம்மாவை இவ்வளவு ரசித்து நான் பார்த்ததில்லை.

ஜூன் 23, திங்கள்

சித்தப்பாவின் அறைக்கு அப்பா என்னையும் அழைத்துக்கொண்டு போனார். கேடயமாக இருக்கும். படியேறும்போது இரண்டு முறை நின்று, செருப்பைப் பார்த்தார்.

கதவைத் திறந்த சித்தப்பாவின் முகத்தில் முள்ளம்பன்றி. அப்பா மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். பாவம் நான். தாத்தாவோடது போயிடுச்சு என்று மட்டும் சொன்னார், அம்மாவின் கத்தியை நீட்டினார். “இதைத் தீட்டத் தெரியுமா உனக்கு?”

சித்தப்பா கத்தியை விரித்து, கட்டைவிரலால் அலகைத் தடவிப் பார்த்தார். “கழுதைக்குத் தெரிஞ்ச அளவுக்குத் தெரியும்.”

அப்பாவுக்குத் தூக்கி வாரிப் போட்டது. பிறகு இரண்டு பேரும் தீட்டுக்கல்லின் மேல் குனிந்து, எந்தக் கோணத்தில் பிடிப்பது என்று சண்டை போட ஆரம்பித்தார்கள். அப்பா படித்ததைச் சொல்ல, சித்தப்பா பார்த்ததைச் சொல்ல. மணிக்கணக்காக. எனக்குத் தண்ணீர்கூடத் தரவில்லை.

ஜூலை 4, வெள்ளி

காலையில் சவரம் நடந்தது. வெந்நீர்க் கிண்ணம் என் கையில். கத்தி அப்பாவின் கையில். சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டு, பிறந்ததிலிருந்து முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டிருந்தார். காதுக்குக் கீழே ஒரே ஒரு கீறல். இவர்கள் இரண்டு பேருக்கும் அது பேரதிசயம். கையெழுத்துப் போடுமுன் சித்தி அவர் முகவாயைத் தூக்கிப் பார்த்து, கழுத்து இருக்கு என்று என்னிடம் சொன்னார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அம்மா கையை நீட்டினாள். அப்பா கத்தியைத் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, திறந்து கிடந்த அலமாரியைத் தாண்டி வந்து அவளிடம் கொடுத்தார். அம்மா நகத்தில் வைத்துப் பார்த்தாள். முன்னைவிடத் தேவலை என்றாள். மிஷினில் உட்கார்ந்து ஒரு சீருடையை எடுத்தாள்.

அப்பா சட்டையைக்கூட மாற்றவில்லை. பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, தையல் பிரிவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.